படிப்பு விவரத்தை யார் சொல்வது? பிறப்பு, இறப்புப் பதிவில் நாம் கவனிக்க வேண்டியவை



வீட்டில் ஒருவர் இறந்து போனால், காரியம் முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி, "டெத் சர்டிபிகேட் வாங்கியாச்சா?" என்பதுதான். வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி., விதவை உதவித்தொகை, ரேஷன் கார்டு, பட்டா மாற்றம் என்று எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதம் வேண்டும். அதனால் சான்றிதழைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஒரு படிவம் இருக்கிறது. அதில் கேட்கிற கேள்விகளுக்கு யார் பதில் சொல்கிறார்கள், சொல்கிற பதில் எங்கே போகிறது என்பதை நாம் பெரும்பாலும் யோசிப்பதில்லை. இந்த இதழில் அந்தக் கேள்விகளில் முக்கியமான ஒன்றை எடுத்துப் பேசுவோம். அதுதான் படிப்பு.

சான்றிதழ் வேறு, படிவம் வேறு

நம் நாட்டில் பிறப்பும் இறப்பும் 1969-ஆம் வருடத்துச் சட்டப்படி பதிவாகின்றன. இறப்பைப் பதிய ஒரு படிவம் உண்டு. அதில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன.

முதல் பகுதி சட்டத்துக்கான பகுதி. இறந்தவர் பெயர், ஆணா பெண்ணா, இறந்த தேதி, இறந்த இடம், தாய் தந்தை பெயர், கணவர் அல்லது மனைவி பெயர், வயது, முகவரி, தகவல் சொன்னவர் பெயர் எல்லாம் இதில் வரும். நமக்குக் கிடைக்கிற சான்றிதழ் இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக் கொடுப்பதுதான்.

இரண்டாவது பகுதி புள்ளிவிவரத்துக்கான பகுதி. இறந்தவர் என்ன தொழில் செய்தார், சாவதற்கு முன்னால் வைத்தியம் கிடைத்ததா, என்ன நோய், பீடி சிகரெட் பழக்கம் உண்டா, புகையிலை, பாக்கு, மது பழக்கம் உண்டா, எத்தனை வருஷமாக என்றெல்லாம் கேட்பார்கள். இறந்தது பெண் என்றால், கர்ப்பமாக இருந்தபோதா, பிரசவத்தின்போதா, கர்ப்பம் முடிந்து 6 வாரத்துக்குள்ளா என்றும் ஒரு கேள்வி உண்டு. இந்தப் பதில்கள் நம் கைக்கு வரும் சான்றிதழில் வராது. அரசாங்கம் கணக்கு எடுப்பதற்காக மேலே போகும். சான்றிதழில் வராததால், அதில் தப்பு இருந்தால்கூட நமக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் முதலிலேயே சரியாகச் சொல்ல வேண்டும்.

படிப்பை எங்கே கேட்கிறார்கள்?

குழந்தை பிறந்தால் பதிகிற படிவத்தில் அப்பாவின் படிப்பு, அம்மாவின் படிப்பு இரண்டையும் கேட்கிறார்கள். குழந்தை இறந்தே பிறந்தால் அதற்குத் தனிப் படிவம். அதிலும் தாயின் படிப்பைக் கேட்கிறார்கள். ஆனால் பெரியவர் ஒருவர் இறந்தால் பதிகிற படிவத்தில், தொழிலைக் கேட்கிறார்களே தவிர, படிப்புக்கு என்று கேள்வி கிடையாது.

அப்படியென்றால் இறந்தவர் படிப்பை நம் நாட்டில் கேட்பதே இல்லையா? கேட்கிறார்கள், வேறு விதமாக. மத்திய அரசின் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நாடு முழுவதும் சில ஊர்களையும் தெருக்களையும் தேர்ந்தெடுத்து, அங்கே நடக்கும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து கணக்கெடுக்கிறது. அந்த ஊர்களை வைத்து 2001-லிருந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பத்து லட்சம் சாவுகளின் ஆய்வு என்று அதற்குப் பெயர். கணக்கெடுக்கிறவர் இறந்தவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, எப்படி இறந்தார், என்னென்ன தொந்தரவு இருந்தது, என்ன பழக்கம், எதுவரை படித்தார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதினார். பிறகு இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக அதைப் படித்துப் பார்த்துச் சாவுக்குக் காரணம் என்ன என்று முடிவு செய்தார்கள்.

இந்த ஆய்விலிருந்து 2012-இல் புற்றுநோய் பற்றிய ஒரு கட்டுரை வெளிவந்தது. 11 லட்சம் வீடுகளில் 2001 முதல் 2003 வரை நடந்த சாவுகளை வைத்து எழுதியது. அதில் தெரிந்த விஷயம் நம்மைப் போன்றவர்களுக்கு மிக முக்கியம். நன்றாகப் படித்தவர்களைவிட, படிப்பு இல்லாதவர்கள் புற்றுநோயில் இறப்பது சுமார் இரண்டு மடங்கு அதிகம். பெண்களைப் பொறுத்தவரை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான் அதிகம் பேரைக் கொன்றது. இது ஆரம்பத்திலேயே பரிசோதனையில் கண்டுபிடித்தால் குணப்படுத்தக் கூடிய நோய். படிக்காத ஏழைப் பெண்ணுக்குப் பரிசோதனை போய்ச் சேரவில்லை என்பதை அந்தக் கணக்கு வெளிச்சம் போட்டுக் காட்டியது.

இப்போது யோசித்துப் பாருங்கள். அந்தக் கணக்கெடுப்பில் வீட்டார் ஒவ்வொருவரும் "எங்கம்மா பத்தாவது வரைக்கும் படிச்சாங்க சார்" என்று மரியாதைக்காகச் சொல்லியிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா?

தப்பு எப்படி நுழைகிறது?

அமெரிக்காவில் 1989-லிருந்து இறப்புச் சான்றிதழிலேயே படிப்பையும் எழுதும் வழக்கம் வந்தது. அங்கே இறுதிச் சடங்கை ஏற்பாடு செய்யும் நிறுவனத்துக்காரர் வீட்டாரைக் கேட்டு அதை நிரப்புவார். அந்த விவரம் சரியா என்று அங்குள்ளவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். உயிரோடு இருந்தபோது அதே ஆள் ஒரு கணக்கெடுப்பில் சொன்ன படிப்பையும், இறந்த பிறகு சான்றிதழில் ஏறிய படிப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். 1996-இல் வந்த அப்படி ஒரு ஆய்வில், சான்றிதழில் படிப்பைக் கூட்டிச் சொல்லும் போக்கு தெரிந்தது. முக்கியமாக, பள்ளி இறுதி வகுப்பை முடிக்காத பலர், செத்த பிறகு முடித்தவர்களாக ஆகிவிட்டார்கள்!

2003-இல் அங்கே கேள்வியையே மாற்றினார்கள். முன்பு "எத்தனை வருஷம் படித்தார்?" என்று கேட்டது, பிறகு "எந்தப் பட்டம் அல்லது எந்த நிலை வரை முடித்தார்?" என்று மாறியது. எல்லா மாநிலமும் ஒரே நாளில் மாறாததால், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய தலைவலியாகிவிட்டது. வசதியுள்ள நாட்டிலேயே இந்தக் கதை என்றால், நம் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

நம் வீடுகளில் தப்பு நுழைகிற வழிகள் இவை:

1. பதில் சொல்கிறவருக்கே தெரியாது. பிரசவ வார்டில் பெண் வலியில் இருப்பாள். வெளியே மாமியாரோ, கொழுந்தனோ, ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காவோ பதில் சொல்வார்கள். மருமகள் எட்டாவதா பத்தாவதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "ஏதோ பத்தாவது போட்டுக்கோங்க" என்பார்கள்.

2. கூச்சம். "படிக்கலைன்னு சொன்னா மட்டமா நினைப்பாங்க" என்று இரண்டு வகுப்பு கூட்டிச் சொல்வது.

3. படித்தது வேறு, முடித்தது வேறு. பிறப்புப் படிவத்திலேயே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. ஏழாவது வரை பள்ளிக்குப் போய், ஆறாவது மட்டும் பாஸ் செய்திருந்தால், ஆறாவது என்றுதான் எழுத வேண்டும். "பத்தாவது வரை படிச்சேன்" என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வோம். பத்தாவதில் பெயில் என்றால் பதிவில் ஒன்பதாவது என்றுதான் வர வேண்டும்.

4. பழைய படிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து 'பிரவே' பரீட்சை எழுதிய பெரியவர்கள் இருந்தார்கள். எழுதுகிறவருக்கு அது என்ன என்று தெரியாவிட்டால், தனக்குத் தெரிந்த ஒரு வகுப்பைப் போட்டுவிடுவார். அப்படிப்பட்ட இடத்தில் பரீட்சையின் பெயரையே சொல்லுங்கள். நீங்களாக வகுப்பு கணக்குப் போட வேண்டாம்.

5. குறைத்துச் சொல்வதும் உண்டு. "அது பொம்பள, என்ன படிச்சிருக்கப் போவுது" என்று கேட்காமலேயே கோடு போட்டுவிடுவது. ப்ளஸ் டூ முடித்த பெண்ணையும் படிக்காதவளாக்கிவிடுகிற தப்பு இது.

சின்னத் தப்பு, பெரிய வித்தியாசம்: ஒரு கணக்கு

இது கற்பனைக் கணக்குதான், புரிந்துகொள்வதற்காக. ஒரு பகுதியில் பள்ளிக்கே போகாத பெண்கள் 1000 பேர், பத்தாவது முடித்த பெண்கள் 1000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வருஷத்தில் முதல் பிரிவில் 20 பேரும், இரண்டாவது பிரிவில் 10 பேரும் இறக்கிறார்கள். படிக்காத பெண்கள் இரண்டு மடங்கு இறக்கிறார்கள் என்று யார் பார்த்தாலும் தெரியும்.

இப்போது அந்த 20 பேரில் 5 பேருடைய வீட்டார், "பத்தாவது முடிச்சாங்க" என்று சொல்லிவிட்டார்கள். கணக்கு என்ன ஆகும்? படிக்காதவர்களில் 15 சாவு, பத்தாவது முடித்தவர்களிலும் 15 சாவு. இரண்டு பக்கமும் சமம்! ஐந்தே ஐந்து வீடுகள் சொன்ன மரியாதைப் பொய்யில், இருந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது.

மேலே உட்கார்ந்து இந்தத் தாளைப் பார்க்கிற அதிகாரி என்ன நினைப்பார்? "படிப்புக்கும் சாவுக்கும் சம்பந்தம் இல்லை, அந்தத் தெருவுக்குத் தனியாக மருத்துவ முகாம் தேவையில்லை" என்று நினைப்பார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. நாம் கொடுத்த தகவல் அப்படி.

பிறப்புப் பதிவிலும் இதே கதைதான். தாய் எவ்வளவு படித்திருக்கிறாள் என்பதோடு சேர்த்துத்தான் குழந்தை சாவு, எடை குறைவு, பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி எல்லாவற்றையும் ஆராய்கிறார்கள். தாயின் படிப்பு தப்பாகப் போனால், அதன் மேல் போடுகிற கணக்கு எல்லாமே தப்பு.

மேரி காலத்திலும் இதே கேள்வி

நம் புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1954 நவம்பர் 1-ஆம் தேதி வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் மேரியில், அதாவது நகராட்சியில், 'எத்தா சிவில்' பதிவேட்டில் எழுதப்பட்டன. பிரான்சுக் குடியுரிமை வேலையாக அந்தப் பழைய பதிவின் நகல் தேடி அலைகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் முறைப்படி, சாவைச் சாட்சிகள் வந்து சொல்ல வேண்டும். இறந்தவர் பெயர், வயது, தொழில், இருப்பிடம், கணவன் அல்லது மனைவி பெயர் எழுத வேண்டும். பெற்றோர் பெயரை "தெரிந்த வரைக்கும்" எழுத வேண்டும். சொல்கிறவருக்குத் தெரிந்தால்தான் பதிவில் வரும் என்பதை அந்தச் சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது பாருங்கள்! அதிலும் படிப்பு என்று தனிக் கேள்வி இல்லை. ஆனால் சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாவிட்டால் ஏன் போடவில்லை என்று எழுத வேண்டும். கையெழுத்துத் தெரியாது என்பதும் அப்படித்தான் ஏட்டில் ஏறியது. யாரும் படிப்பைக் கேட்காமலேயே, எழுதத் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்ற தடயம் அந்த ஏடுகளில் தங்கிவிட்டது.

படிக்கவில்லை என்று சொல்வது அவமானமா?

குழுக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போது அக்காமார்கள் கேட்பது ஒன்றுதான். "செத்தவங்களைப் பத்திப் போய்ப் படிக்கலைன்னு எப்படிம்மா எழுதச் சொல்றது? மனசு வரலையே."

அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் ஒன்று யோசியுங்கள். அந்த ஆயா பள்ளிக்கூடம் போகாதது அவர் குற்றமா? தம்பி தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தினார்கள். களை எடுக்க, மாடு மேய்க்க, மீன்கூடை சுமக்க அனுப்பினார்கள். வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்தினார்கள். அது அவருக்கு நடந்த அநியாயம். "பத்தாவது" என்று எழுதினால் அந்த அநியாயமே நடக்காத மாதிரி ஆகிவிடும். "பள்ளிக்குப் போகவில்லை" என்று உள்ளது உள்ளபடி எழுதினால்தான், இப்படிப் பட்டவர்கள் இத்தனை பேர் என்று எண்ணிக்கையாக நிற்கும். உண்மையைச் சொல்வதுதான் அவருக்கு நாம் செய்கிற மரியாதை.

அதேபோல, படித்ததை விட்டுவிடவும் கூடாது. 1990-களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் ராத்திரி வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குழுவில் சேர்ந்த பிறகு கையெழுத்துப் போடப் பழகி, இன்றைக்குத் தீர்மான நோட்டைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டால், "பள்ளிக்குப் போகலை, ஆனா எழுதப் படிக்கத் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரியில் 7 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 100-க்கு சுமார் 80 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அந்த 80-இல் பள்ளி வாசலை மிதிக்காமலே கற்றுக்கொண்டவர்களும் உண்டு.

தொழில் கேள்வியை விடாதீர்கள்

இறப்புப் படிவத்தில் படிப்பு இல்லை, தொழில் இருக்கிறது என்று பார்த்தோம். பெண் இறந்தால் அந்த இடத்தில் என்ன எழுதுகிறார்கள்? "வீட்டு வேலை" அல்லது "ஒன்றுமில்லை". நாற்பது வருஷம் நாற்று நட்டவர், சித்தாள் வேலை பார்த்தவர், மீன் விற்றவர், மில்லில் நின்றவர் எல்லோரும் செத்த பிறகு "ஒன்றுமில்லை" ஆகிவிடுகிறார்கள். என்ன வேலை செய்தவருக்கு என்ன நோய் வருகிறது என்று பிறகு எப்படித் தெரியும்? செய்த வேலையை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கர்ப்பம், பிரசவம் பற்றிய கேள்வியும் அப்படித்தான். பிரசவமாகி ஐந்தாவது வாரம் காய்ச்சலில் இறந்த பெண்ணுக்குக் "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால், அது பிரசவ கால மரணம் என்ற கணக்கில் வராமல் போகலாம். கரு கலைந்த பிறகு 6 வாரத்துக்குள் இறந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

பதிவு பற்றிச் சில கேள்வி பதில்கள்

எங்கே பதிய வேண்டும்? சாவு நடந்த இடத்தில். சொந்த ஊரில் அல்ல. கோரிமேடு ஜிப்மரில் இறந்தால் உழவர்கரை நகராட்சி. கடலூர், விழுப்புரத்திலிருந்து வந்து இங்கே இறந்தாலும் பதிவு இங்கேதான். கிராமத்தில் வீட்டில் இறந்தால் அந்தந்தக் கொம்யூன் பஞ்சாயத்து.

யார் சொல்ல வேண்டும்? ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரியே தகவல் அனுப்ப வேண்டும். வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவரோ நெருங்கிய சொந்தமோ சொல்ல வேண்டும்.

எத்தனை நாளுக்குள்? 21 நாள். அதற்கு மேல் 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணம். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால் மாவட்டப் பதிவாளர் அல்லது அதற்கென்று உள்ள அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். ஒரு வருஷமும் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும்.

சான்றிதழுக்குக் காசு உண்டா? தகவல் சொன்னவருக்கு முதல் சான்றிதழ் இலவசம். 2023-இல் சட்டம் திருத்தப்பட்டது. அது 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பதிவு முடிந்து 7 நாளுக்குள் சான்றிதழ் தர வேண்டும்.

என்ன நோயில் இறந்தார் என்று சான்றிதழில் வருமா? வராது. ஆனால் சாவுக்கான காரணத்தை டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருத்துவச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய சொந்தத்துக்குத் தர வேண்டும் என்று அதே திருத்தம் சொல்கிறது. கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் தப்பாக வந்துவிட்டால்? அந்தப் பதிவாளரிடமே ஆதாரத்தோடு மனு கொடுக்கலாம். பழைய எழுத்தை அழிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள்.

தெரிந்தே பொய்த் தகவல் சொன்னால்? சட்டப்படி அபராதம் உண்டு.

நாம் என்ன செய்யலாம்?

நம்மைப் பற்றிய விவரத்தை நம்மைவிடச் சரியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. அதனால் உயிரோடு, நல்லபடியாக இருக்கும்போதே ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு தாளில் கீழே உள்ளதை எழுதி வைக்க வேண்டும். எழுத வராதவர்களுக்கு ஊக்குநர் எழுதிக் கொடுத்து, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கலாம்.

- ஆதாரில் உள்ளபடி முழுப்பெயர், பிறந்த தேதி
- தாய் பெயர், தந்தை பெயர், கணவர் பெயர் (ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்கவும்)
- முடித்த வகுப்பு, படித்த பள்ளி. பள்ளிக்குப் போகவில்லை என்றால் அப்படியே எழுதவும். எழுதப் படிக்கத் தெரியுமா என்பதையும் சேர்க்கவும்
- செய்த வேலைகள், எத்தனை வருஷம்
- புகையிலை, வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டா, எத்தனை வருஷம்
- இருக்கிற காப்பீடு, அதில் நியமனதாரர் யார்

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டில் சேர்ந்திருப்பவர்கள் அதைக் கட்டாயம் எழுத வேண்டும். 18 முதல் 50 வயது வரை சேரலாம். இறந்தால் 2 லட்சம் ரூபாய் குடும்பத்துக்குக் கிடைக்கும். இப்படி ஒன்று இருப்பதே வீட்டாருக்குத் தெரியாவிட்டால் கேட்டு வாங்க ஆள் இருக்காது.

இந்தத் தாளைச் சேமிப்புப் பாஸ்புக்கோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்காவது, முடிந்தால் மகளுக்கும் மருமகளுக்கும், அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். கர்ப்பமாக இருக்கும் மருமகள், மகள் இருந்தால், ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையில் அவர்கள் இருவரின் படிப்பையும் எழுதிய ஒரு சீட்டைப் போட்டு வையுங்கள். யார் துணைக்குப் போனாலும் பார்த்துச் சொல்லலாம்.

நம் குழுவில் யாராவது தவறிப் போனால், மாலை வாங்கிப் போவதோடு நிறுத்தாமல், பதிவுக்குப் போகும் வீட்டாரோடு பிரதிநிதி ஒருவர் கூடப் போவது நல்லது. அந்த நேரத்தில் வீட்டாருக்குப் புத்தி ஓடாது. படிவத்தை ஒருமுறை வாசித்துப் பார்த்து, பெயர், தொழில், மற்ற பதில்கள் சரிதானா என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தாலே பாதித் தப்பு குறையும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய

சேமிப்பு வசூல் முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருக்கும் உறுப்பினரின் படிப்பை, அவரைக் கேட்காமல் ஒரு சீட்டில் எழுதட்டும். பிறகு அவரவர் தங்கள் உண்மையான படிப்பைச் சொல்லட்டும். எத்தனை சீட்டு சரியாக இருந்தது என்று எண்ணித் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். வாராவாரம் ஒன்றாக உட்காருகிற நமக்கே எத்தனை தெரியவில்லை என்பது அப்போது புரியும். பிறகு அதே கூட்டத்திலேயே மேலே சொன்ன தாளை எல்லோரும் எழுதி முடித்துவிடுங்கள்.